பதினேழாம் செக்டரில் ஒரு முகவரி

"ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிக்கணும்." கிள்ளை, முடசல்ஓடை வீடுகளில் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் அரசு லேப்டாப்புகள் பலவற்றுக்கும் இதுதான் நோய். வைத்தியத்துக்குச் சிதம்பரம் பஸ் ஏற வேண்டும். கடையில் ஏதோ ஒரு திருட்டு விண்டோஸை ஏற்றித் தருவார்கள், சில மாதம் ஓடும்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு கூடவே பாஸ் என்ற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். யாரும் இலவசமாக எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், இடம் மிச்சமாகும் என்று அழித்துவிட்டார்கள். விண்டோஸ் பிடித்துப்போனதில் தப்பில்லை. ஆனால் இயங்குதளத்தை ஏற்றும் வட்டை நாமே தயாரித்துக்கொள்ளலாம் என்பது தெரிந்திருந்தால் சிதம்பரம் பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்.

தயாரிப்பதில் முதல் இடறல் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான். இணையத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குகிறோம். வெற்று சிடியைச் செருகி, பாட்டை ஏற்றுவதுபோல அந்தக் கோப்பை இழுத்துப் போட்டு பர்ன் செய்கிறோம். சிடியில் கோப்பு பத்திரமாக இருக்கும். கணினி மட்டும் அசையாது. வீட்டின் வரைபடத்தைக் கொண்டுபோய் மனையில் வைத்தால் வீடு எழும்பிவிடுமா? ஐஎஸ்ஓ என்பது வட்டில் வைக்க வேண்டிய பொருள் அல்ல. வட்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எது எங்கே இருக்க வேண்டும் என்பதன் அச்சுப்பிரதி. அதனால்தான் பர்ன் செய்யும் மென்பொருள்களில் 'இமேஜை எழுது' என்று தனியாக ஒரு கட்டளை இருக்கிறது. லினக்ஸில் கே3பி, பிரேசரோ இரண்டும் இதைச் செய்யும்.

அப்படி எழுதிய வட்டில் என்ன இருக்கிறது? டேட்டா சிடியை 2,048 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரித்திருக்கிறார்கள். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 விதிப்படி முதல் 16 செக்டர்கள், அதாவது 32 கிலோபைட், கோப்பு அமைப்புக்குத் தேவையில்லாதவை. பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனால் 16ஆம் செக்டரில் வட்டின் பெயரும் விவரமும். 17ஆம் செக்டரில்தான் விஷயமே இருக்கிறது. 'எல் டொரிட்டோ' என்ற சொல் அங்கே எழுத்துக்கு எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். 1995இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த விதிமுறையின் பெயர் அது. கலிபோர்னியாவில் அதை உருவாக்கியவர்கள் சாப்பிடப் போன மெக்சிகன் ஓட்டலின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்பார்கள். சிதம்பரத்தில் யாராவது உருவாக்கியிருந்தால் கொத்சு என்று வைத்திருப்பார்களோ என்னவோ!

கணினியை உயிர்ப்பித்ததும் முதலில் இயங்கும் பயாஸ் என்ற நிரல் நேராக அந்த 17ஆம் செக்டரைப் படிக்கும். அங்கே வேறொரு செக்டரின் எண் இருக்கும். அங்கே போனால் ஒரு சிறு பட்டியல். அதன் முதல் பதிவு 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகளில் முடிந்திருந்தால்தான் பயாஸ் நம்பும். பிறகு அந்தப் பட்டியல் காட்டும் இடத்திலிருந்து ஒரு துண்டு நிரலை, பெரும்பாலும் 2,048 பைட் மட்டுமே, நினைவகத்தில் ஏற்றி இயக்கும். ஐசோலினக்ஸ் போன்ற அந்தக் குட்டி நிரல் தன் மிச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அப்புறம் லினக்ஸ் கெர்னலை ஏற்றும். ஹார்ட் டிஸ்க் முழுக்கக் கெட்டிருந்தாலும் திரையில் மெனு வருவது இப்படித்தான். பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளுக்கென்று அதே பட்டியலில் இன்னொரு பதிவைச் சேர்த்துவிடுகிறார்கள்.

எழுதும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் சோம்பல்படுவதும் அதில்தான். இறக்கிய கோப்புக்கு எஸ்எச்ஏ-256 கூட்டெண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் முற்றிலும் வேறாக வந்து நிற்கும். இணைய இணைப்பு நடுநடுவே அறுந்துபோகும் ஊர்க்காரர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் ஒரு சிடியின் விலையை மிச்சப்படுத்தும்.

வட்டில் எழுதும் வேலையைச் செய்வது 780 நானோமீட்டர் லேசர். அதன் சூட்டில் வட்டிலுள்ள சாயப் படலத்தில் புள்ளிகள் கருகுகின்றன. சிடியில் ஒரு செக்டருக்கு உண்மையில் 2,352 பைட் இடம் உண்டு. அதில் 288 பைட் பிழை கண்டு திருத்தவே ஒதுக்கியது. அதனால் அடிப்பக்கத்துக் கீறல்களை வட்டு ஓரளவு தாங்கும். நாம் அலட்சியமாகப் பேனாவால் எழுதும் மேல்பக்கம்தான் பலவீனம். பிரதிபலிக்கும் வெள்ளிப் படலத்துக்கு அங்கே மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுதான் காவல். கிள்ளை மாதிரி கடலோர ஊரின் ஈரக்காற்றில் வட்டை உறையில்லாமல் போட்டு வைக்கக் கூடாது.

இணையம் ஆமை வேகத்தில் இருந்த நாட்களில் லினக்ஸ் தபாலில் வந்தது. 2005 முதல் 2011 வரை உபுண்டு என்ற லினக்ஸைத் தயாரிப்பவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாக அனுப்பினார்கள். தபால் செலவும் அவர்களுடையதே. இயங்குதளம் முழுவதையும் 700 மெகாபைட்டுக்குள் அடக்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது நல்ல ஒழுக்கமாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2012இல் உபுண்டு 12.10 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் சிடி செருகும் இடமே இல்லை. அங்கேதான் காலியாகக் கிடந்த அந்த 16 செக்டர்கள் கைகொடுத்தன. அவற்றில் முதல் 512 பைட்டுக்குள் ஹார்ட் டிஸ்குக்குரிய தொடக்க நிரலைப் பதுக்கி வைத்தால், அதே ஐஎஸ்ஓ பென்டிரைவிலிருந்தும் பூட் ஆகும். சிடியாகப் படிக்கும் பயாஸ் 17க்குப் போகும், டிஸ்காகப் படிக்கும் பயாஸ் பூஜ்யத்திலேயே நின்றுவிடும். பென்டிரைவிலும் கோப்பாக நகலெடுக்காமல் இமேஜாகத்தான் எழுத வேண்டும். லினக்ஸில் 'டிடி' என்ற ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அது எதையும் திருப்பிக் கேட்காது. எந்த டிரைவின் பெயரைக் கொடுக்கிறோம் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. தப்பினால் அக்கா கல்யாண வீடியோ இருக்கும் டிஸ்கின் மேலேயே லினக்ஸ் ஏறி உட்கார்ந்துவிடும்.