விபிஎன் வாங்கப் போறீங்களா? காசு கட்டும் முன் இதைப் படிங்க

செம்பூரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், மாட்டுங்கா கஃபேயின் வைஃபையில் லேப்டாப்பைத் திறப்பவர், தாராவி பட்டறையிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டிசைன் ஃபைல் அனுப்புபவர். மூவருக்கும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஒரு விபிஎன் போட்டுக்கோங்க." சரி, எந்த விபிஎன்?

விபிஎன் என்ன செய்யும்?

உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, தன் சர்வர் வழியாக அனுப்பும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது கஃபே வைஃபைக்கோ இணைய நிறுவனத்துக்கோ தெரியாது. ஆனால் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியவரும். ரகசியம் மறைவதில்லை, கை மாறுகிறது. அந்தக் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

இலவசமா கிடைக்குதே?

சர்வர் நடத்தக் காசு வேண்டும். நீங்க தரலைன்னா வேறு யாரோ தர்றாங்க. ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ, பயனர்கள் எந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலை ஃபேஸ்புக்குக்குத் தந்தது; 2019-ல் மூடப்பட்டது. ஹோலா நிறுவனம் தன் இலவசப் பயனர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015-ல் வெளியே வந்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

விபிஎன் பயன்படுத்த நாடு தழுவிய தடை இல்லை. ஆனால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி முகவரி ஆகியவற்றை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலக விபிஎன்களுக்கு விலக்கு உண்டு.

இதையடுத்து எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றின. ஆப்பில் 'இந்தியா' என்று தெரியும் சர்வர், உண்மையில் சிங்கப்பூரில் இருக்கலாம்.

'லாக் வைப்பதில்லை' என்றால் நம்பலாமா?

விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லிவந்த பியூர்விபிஎன்னின் பதிவுகள், 2017-ல் அமெரிக்க எஃப்பிஐ வழக்கு ஒன்றில் ஆளைக் கண்டுபிடிக்க உதவின. மாறாக, 2023 ஏப்ரலில் முல்வாட் அலுவலகத்தைச் சோதனையிட வந்த ஸ்வீடன் போலீஸார் வெறுங்கையோடு திரும்பினர். அங்கே வாடிக்கையாளர் தரவே இல்லை.

ஃபைல் பகிர்வுக்கு?

டொரண்டில் உங்கள் ஐபி முகவரியை அதே ஃபைலைப் பகிரும் எல்லாரும் பார்க்கலாம். விபிஎன் அதை மறைக்கும். ஆனால் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் வெளியே தெரிந்துவிடும். அப்போது இணையத்தையே நிறுத்துவது 'கில் ஸ்விட்ச்' வசதி.

விபிஎன் போட்டாலும் திருட்டுப் படம் பகிர்வது குற்றமே. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 63-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

வாடிக்கையாளருக்கு ஃபைல் அனுப்பவும் விபிஎன் மட்டும் போதாது. அதன் பூட்டு அதன் சர்வர் வரைக்கும்தான். ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டு, பாஸ்வேர்டை வேறு வழியில் சொல்லுங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

- உரிமையாளர் யார், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறார்?
- வெளி நிறுவனம் தணிக்கை செய்து, அறிக்கை வெளியாகியிருக்கிறதா?
- கில் ஸ்விட்ச் இருக்கிறதா?
- பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில் கிடைக்கும்வரை 2 வருட 'ஆஃபர்' வேண்டாம். ஒரு மாதத்துக்குக் கட்டிப் பாருங்கள்.