கேட்டைத் திறந்துவிட்டால் அது யாருடைய நாய்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினால் சென்னை மாநகராட்சி முடிந்து செங்கல்பட்டு மாவட்டம் ஆரம்பிக்கிறது. காரில் போகிறவருக்கு அது ஒரு பெயர்ப்பலகை. நாய் வளர்ப்பவருக்கு அப்படியில்லை. உத்தண்டியில் உள்ள வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும். 2025 இறுதியில் நடந்த உரிம முகாம்களிலிருந்து தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் கானாத்தூரில் இருக்கும் நாயை இந்த உத்தரவு தொடாது. அங்கிருந்து முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி, மாமல்லபுரம் என்று தெற்கே போகப் போக நாய் வளர்ப்பு என்பது பெரும்பாலும் பழைய முறைதான். ராத்திரி காவலுக்கு வாசலில் படுக்கும். காலையில் கேட்டைத் திறந்துவிட்டால் அதுபாட்டுக்கு ஒரு ரவுண்டு போய்விட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும்.

அந்த ஒரு ரவுண்டில்தான் சிக்கல்.

ஏபிசி விதிகள் என்று சொல்லப்படும் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், நாய்களை இரண்டாகப் பிரிக்கின்றன. வீட்டு நாய் என்றால் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை மூன்றும் வளர்ப்பவர் பொறுப்பு. தெரு நாய் என்றால் உள்ளாட்சி பொறுப்பு. காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. கடலோரக் குப்பங்களில் வந்து பார்த்தால் இந்தக் கோடு எங்கே போகிறது என்று தெரியாது. கரையேற்றிய படகின் நிழலில் படுத்திருக்கும் நாய்க்குப் பெயர் உண்டு. வலையிலிருந்து கழித்துப் போடும் மீன் அதற்கு. கூப்பிட்டால் நாலு வீட்டுக்கு ஓடும். ஊசி போட்டீர்களா என்று கேட்டால் நாலு வீடும் அடுத்த வீட்டைக் கைகாட்டும். கொஞ்சம் உள்ளே வந்தால் இன்னொரு வகை. சனி, ஞாயிறு மட்டும் சென்னையிலிருந்து வந்துபோகும் பங்களாக்காரர் வாங்கிக் கட்டிய நாய், வாரத்தில் ஐந்து நாள் வாட்ச்மேன் கையில். வாட்ச்மேன் மாறினால் நாயின் முதலாளியும் மாறுகிறார். விதிகள் சொல்லும் இரண்டு வகைக்கும் நடுவில் விழும் இந்த நாய்கள்தான் இங்கே நிறைய. தெருநாய்த் தொல்லை என்று நாம் திட்டுவதில் கணிசமான பங்கு நம் வீட்டு வாசலில் தொடங்குவது என்று நான் நினைக்க இதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் ஏறக்குறைய 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றார்கள். வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். வெறிநோய் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாக ஊர்ந்து போவது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை. ரவுண்டு போன வீட்டு நாய் இன்னொரு நாயோடு சண்டை போட்டு, ரோமத்துக்கடியில் சின்னதாக ஒரு பல் பட்டு வந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. நோய் முற்றுவதற்குச் சில நாள் முன்பே அதன் எச்சிலில் வைரஸ் வந்துவிடும். அந்த நாள்களில் அது வழக்கம்போல வாலாட்டிக்கொண்டு பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பை நக்கிக்கொண்டிருக்கும். நம்ம வீட்டு நாய்தானே என்று அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடித்த நாய்க்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிவது கடிபட்டவருக்கே பெரிய உதவி. உடனே ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயைப் பத்து நாள் கண்காணிப்பார்கள். பத்து நாளும் அது ஆரோக்கியமாக இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். மீதி ஊசிகள் தேவையா என்று மருத்துவர் அப்போது முடிவு செய்யலாம். ஊர் சுற்றும் நாய் கடித்துவிட்டு ஓடிவிட்டால் இந்த வசதி கிடையாது. 0, 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு தவணையும் போட்டே ஆக வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேரும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் கிராமத்தில் இன்னும் போகவில்லை. அந்த ஊசி ஒழிந்து இருபது வருடம் ஆகிறது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

   

ஒரு ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் வைரஸ் ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வலை வீசித் தெருநாயைப் பிடித்து ஊசி போடுவது கஷ்டமான வேலை. கூப்பிட்டால் வரும் நாய்க்குப் போடுவது சுலபம். அதையும் விட்டுவிட்டு 70ஐ எட்டுவது எப்படி?

கடித்தால்தான் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஜனவரியிலிருந்து கோவளம், நெம்மேலி பக்கம் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கலாம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. பெண் ஆமை இரவில் வந்து, பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடி, உடம்பால் தட்டிச் சமப்படுத்திவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். இரவெல்லாம் கரையோரம் நடக்கும் தன்னார்வலர்களும் வனத்துறையினரும் மீனவ இளைஞர்களும் அந்தக் குழிகளைத் தேடிப்பிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். மணல் அரிப்பும் திருட்டும் அதற்குக் காரணங்கள். நாய் இன்னொரு காரணம். மனிதர் தவறவிட்ட குழியை நாய் தவறவிடாது. ஈர மணல் வாடை பிடித்துத் தோண்டும். காலையில் போனால் குழியைச் சுற்றி ஓட்டுத்துண்டுகளும், மஞ்சள் கரு உலர்ந்து பிசுபிசுத்த மணலும், நாலு திசையிலும் கால் தடங்களும் கிடக்கும். அன்று தப்பிய குழிக்கும் 45 முதல் 60 நாள் கழித்து இன்னொரு ஆபத்து இருக்கிறது. குஞ்சுகள் மேலே ஏறி வரும்போது மணல் உள்வாங்குவதும் நாய்க்குத் தெரியும்.

ஆமையின் பெரிய எதிரி நாய் என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளுக்கு இழுவலைகளே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆனால் நாய் விஷயத்தில் செய்ய வேண்டியது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஜனவரி முதல் மே வரை இருட்டிய பிறகு நாயைக் கடற்கரையில் அவிழ்த்துவிடாமல் இருந்தால் போதும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது இந்த ஆமை. அதன் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டை என்ற வரையறைக்குள் வரும். நாய்மேல் வழக்குப் போட முடியாது என்பது நாயின் அதிர்ஷ்டம்.

அவிழ்த்துவிட்ட நாய்க்காக வளர்ப்பவர்மேல் வழக்குப் போட முடியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு உத்தண்டி எல்லை கிடையாது; கானாத்தூருக்கும் மாமல்லபுரத்துக்கும் செல்லும். இதே குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்தது. 2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கும். நாய்களின் உரிமையாளர் கைதானார். அடுத்த சில நாள் முழுக்கப் பேச்சு எந்த இனம் ஆபத்தானது என்பதைப் பற்றியே இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ஏப்ரலில் ரத்து செய்தும்விட்டது. இனத்தைப் பற்றிய இந்த வாக்குவாதத்தில், அந்த நாய்கள் கழுத்தில் கயிறில்லாமல் இருந்தன என்ற சாதாரண விஷயம் ஓரமாகப் போய்விட்டது. "ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லாத நாய்க்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. நாய் அவரை ஒன்றும் பண்ணாது என்பது உண்மைதான்.

உச்ச நீதிமன்றம் 2025இல் அடுத்தடுத்துப் போட்ட உத்தரவுகளைத் தெருநாய்ச் செய்தியாகவே எல்லோரும் படித்தார்கள். ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம், செங்கல்பட்டு ரயில் சந்திப்பு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று எல்லாமே இந்த உத்தரவுக்குள் வருகின்றன. ரவுண்டு போன உங்கள் நாய் இவற்றில் ஒன்றுக்குள் நுழைந்து பிடிபட்டால், கழுத்தில் பட்டையும் உடம்பில் சிப்பும் இல்லாத அதை வீட்டு நாய் என்று பிடிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பிடித்த இடத்தில் விடவும் அவருக்கு அனுமதி இல்லை.

சிப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது நாய் எங்கே போகிறது என்று காட்டாது. அரிசி அளவுக் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு பதினைந்து இலக்க எண், அவ்வளவுதான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஊசியால் செலுத்துவார்கள். ஸ்கேனர் காட்டினால் எண் தெரியும், பதிவேட்டில் பார்த்தால் வளர்ப்பவர் பெயர் தெரியும். பதிவேடு இல்லாத ஊரில் சிப் வெறும் கண்ணாடிதான். அங்கே கழுத்துப்பட்டையில் எழுதிய செல்போன் எண் அதைவிட உபயோகம். பிரிட்டனில் பட்டையில் பெயரும் முகவரியும் போடும் கட்டாயம் பல வருடமாக இருக்கிறது. சிப் 2016இல்தான் வந்தது. நம்மிடம் இதைவிடப் பழைய ஒரு பதிவு இருக்கிறது. மாமல்லபுரத்தை ஆண்ட பல்லவர் வழியில் மகேந்திரவர்மன் காலத்தில், இப்போதைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியும் வைத்தார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய அந்த நாயின் பெயரும் தெரிகிறது, அது யாருடையது என்றும் தெரிகிறது.

சரி, ஊர் சுற்றாமல் நாயை எப்படி வைத்திருப்பது? நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவது பதில் இல்லை, சட்டப்படியும் இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், கட்டிவைத்த நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் கொடுமை என்றே சொல்கிறது. கட்டிக்கிடக்கும் நாய்தான் அவிழ்ந்த அன்று வெறியோடு ஓடும். காலையும் மாலையும் பெல்ட் பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனால் அதற்குச் சுற்றும் ஆசை பாதி அடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வரும் வேகத்துக்குப் பெல்ட் இல்லாமல் நாயோடு சாலையைக் கடப்பது நாய்க்கும் ஆபத்து, பைக்கில் வருபவருக்கும் ஆபத்து. ஆண் நாய் கார்த்திகை, மார்கழியில் நாலு தெரு தாண்டிப் போவது பெண் நாயைத் தேடித்தான். கருத்தடை செய்தால் அந்த அலைச்சல் பெரும்பாலும் குறையும். பெண் நாய் என்றால் கணக்கே வேறு. சினை இரண்டு மாதம், ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி, வருடத்துக்கு இரண்டு ஈற்று வரை போகும். அந்தக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து மீன் மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டு வருபவர் தெருநாய் ஒழியவில்லை என்று புகார் எழுத உரிமை இழந்தவர். தீபாவளிக்கு வெடிச்சத்தத்தில் சுவரேறிக் குதித்து ஓடும் நாய்கள் உண்டு. அந்த மூன்று நாளும் உள்ளே ஒரு அறையில் வைப்பது நல்லது.

கேளம்பாக்கம், நாவலூர், சிறுசேரி அடுக்ககங்களில் வேறு ஒரு கதை. வேலை மாற்றம் வருகிறது, புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார், பழைய ஃபிளாட் வாசலில் லாப்ரடார் நின்றுவிடுகிறது. தெருவில் வளராத நாய் அது. மற்ற நாய்கள் விடாது, குப்பையில் தேடவும் தெரியாது, சில வாரங்களில் சொறியும் எலும்புமாகிவிடும். காரணமின்றிக் கைவிடுவது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.