கவர் மேல பேர் போடலாமா?

சமூகநீதி பேசுற ஒரு மாத இதழுக்கு நான் பார்ட் டைமா மார்க்கெட்டிங் பண்றேன்னு சொன்னா, உடனே வர்ற கேள்வி: "அதுக்கெல்லாம் எதுக்குப்பா மார்க்கெட்டிங்?" கொள்கைக்காக நடத்துறாங்க, கொள்கைக்காக வாங்கறாங்க, நடுவுல நீ யாருன்னு அர்த்தம். இன்னிக்கு அந்த நடுவுல இருக்கிற வேலையைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நான் இருக்கிறது மண்டகப்பட்டு. விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில இருக்கு. இதழ் அச்சாகிறது சென்னையில. வாரத்துக்கு மூணு நாள் வேலை, ஒரு லேப்டாப்பும் போனும் போதும். சந்தா முடியப் போறவங்களுக்கு வாட்ஸ்அப்ல நினைவூட்டணும். பேர் இல்லாம ஜிபேல வந்த பணம் யாரோடதுன்னு கண்டுபிடிக்கணும். 'முகவரியில் இல்லை'ன்னு திரும்பி வந்த பிரதிக்குப் புது முகவரி வாங்கணும். ஏப்ரல் 14-க்கும் புத்தகக் காட்சிக்கும் ஸ்டால்ல நின்னு விக்கணும். இன்ஸ்டால போஸ்ட் போடறது இதுல ரொம்பச் சின்னப் பங்கு. ஆனா எல்லாரும் அதுதான் வேலைன்னு நினைக்கிறாங்க.

எங்க ஊர்ல மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கு, 7-ஆம் நூற்றாண்டு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இதைச் செஞ்சேன்னு அங்க கல்வெட்டு வெட்டி வச்சிருக்கார். என்னென்ன இல்லைன்னு சொல்லியே ஒரு பொருளை விக்கற டெக்னிக். எங்க இதழோட விளம்பர ரேட் கார்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாதிவாரி வரன் விளம்பரம் கிடையாது, சிவப்பழகு க்ரீம் கிடையாது, ஜோசியம் கிடையாது. ஒரு வித்தியாசம், ராஜாகிட்ட கஜானா இருந்துச்சு.

விளம்பரம் வாங்கறதுதான் கஷ்டம்னு இல்ல, கொடுக்கறதும் கஷ்டமா இருந்த காலம் உண்டு. 1920 ஜனவரி 31-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதோட விளம்பரத்தைக் காசு வாங்கிக்கிட்டுப் போடக்கூட திலகரோட 'கேசரி' மறுத்துடுச்சு. அதனால இந்த மாதிரி இதழ்களுக்கு எப்பவுமே முதுகெலும்பு சந்தாதான். சந்தான்னா தபால். நம்ம கதை இங்கதான் ஆரம்பிக்குது.

முறையாப் பதிவு பண்ணின பத்திரிகைக்குத் தபால் கட்டணத்துல பெரிய சலுகை உண்டு. சும்மா கிடைக்காது. இதழ் 31 நாளுக்குள்ள ஒருமுறையாவது வரணும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் காட்டணும், பதிவு எண் அச்சாகியிருக்கணும். கட்டு எப்படி இருக்கணும்னா, தபால் ஆபீஸ்ல உள்ள என்ன இருக்குன்னு பார்க்க முடியற மாதிரி. ஒட்டி மூடின கவர்ல போட்டா சலுகை போச்சு, முழுக் கட்டணம். அதனால நாங்க ஒரு தாள் பட்டையைச் சுத்தி அனுப்பறோம். பட்டை மேல இதழோட பேர் பெரிய எழுத்துல இருக்கும், அட்டைப்படம் பாதி வெளியே தெரியும்.

நகரத்துல வாடகை வீட்டுல இருக்கிற ஒரு சந்தாதாரர் போன் பண்ணினார். ஹவுஸ் ஓனர் வீடு கொடுக்கும்போது சாதியை நேரடியாக் கேட்கல, சுத்தி வளைச்சுக் கேட்டிருக்கார். இவரும் சுத்தி வளைச்சே பதில் சொல்லி வீடு வாங்கிட்டார். இப்போ மாசாமாசம் கேட் மேல இதழ் கிடக்குது. "தம்பி, நிறுத்த வேணாம். பேர் தெரியாத மாதிரி ஒரு கவர்ல போட்டு அனுப்ப முடியுமா?" இந்த மாதிரிக் கேட்டவர் அவர் ஒருத்தர் மட்டும் இல்ல. ஆபீஸ் முகவரிக்கு மாத்தினவங்க இருக்காங்க. அங்கேயும் வேணாம்னு நண்பர் வீட்டுக்கு மாத்தினவங்களும் இருக்காங்க. சந்தாவைப் புதுப்பிக்காம விட்டவங்கள்ல எத்தனை பேருக்கு இதுதான் காரணம்னு எந்த எக்ஸெல் ஷீட்டும் சொல்லாது.

எங்க ஆசிரியர்கிட்டப் போனேன். அவங்களைத் தோழர்னு கூப்பிடணும்னு முதல் நாளே சொன்னாங்க, என் வாயில அக்காதான் வரும். "அக்கா, பேர் இல்லாத கவர் போடலாமா?"

"பேரை மறைக்கவா இதழ் நடத்தறோம்?"ன்னு கேட்டாங்க.

இந்தச் சண்டை எங்களோட தொடங்கினது இல்ல. 1893 அக்டோபரில் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பேர் 'பறையன்'. நாலு பக்கம், மாத இதழ், விலை ரெண்டணா. தன்னை யாருன்னு சொல்லிக்கப் பயப்படறவனுக்கு உரிமை கிடைக்காதுங்கறது அவரோட வாதம். எந்தச் சொல்லை வச்சு இழிவு பண்ணாங்களோ அதையே தலைப்பில் போட்டார். முதல் இதழே சென்னையில் ரெண்டே நாள்ல நானூறு பிரதி வித்துச்சு. அப்புறம் வார இதழா மாறி, ஏழு வருஷம் வந்துச்சு. இன்னிக்கு ஒரு பிராண்டிங் ஏஜென்சிகிட்டப் போயிருந்தா, முதல் மீட்டிங்லயே அந்தப் பேரை மாத்தச் சொல்லியிருப்பாங்க.

அடுத்து 1907 ஜூன் 19. ராயப்பேட்டையில் இருந்து அயோத்திதாசர் ஒரு வார இதழ் கொண்டு வர்றார். பேர் 'ஒரு பைசாத் தமிழன்'. தலைப்புலயே விலை! ஒரு பைசான்னா அப்போ காலணா. 'பறையன்' ஒரு பிரதி காசுக்கு இதுல எட்டு வாங்கலாம். மறு வருஷம் வாசகர்கள் கேட்டுக்கிட்டதால 'தமிழன்'னு பேர் சுருங்குச்சு. சீனிவாசன் மத்தவங்க குத்தின பேரைத் தூக்கிப் பிடிச்சார். அயோத்திதாசர் அந்தப் பேரை ஏத்துக்கவே மாட்டேன்னுட்டு, நாங்கதான் ஆதித் தமிழர், பூர்வ பௌத்தர்னு சொன்னார். குறிக்கோள் ஒண்ணுதான், பேர் வைக்கிற முறை நேரெதிர். யார் சரின்னு தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல. ஆனா மார்க்கெட்டிங் பண்றவனா எனக்கு ஒண்ணு தெரியுது. ரெண்டு பேருமே, இதைக் கையில பிடிச்சிருக்கிறவன் தெருவுல எப்படித் தெரிவான்னு யோசிச்சுத்தான் பேர் வச்சிருக்காங்க.

'தமிழன்' எங்கே போச்சுன்னு பாருங்க, அது இன்னும் சுவாரசியம். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளிகள், பர்மா, இலங்கை, தென்னாப்பிரிக்கான்னு பிழைக்கப் போன தமிழர்கள் அதோட வாசகர்கள். 1914-ல் அயோத்திதாசர் இறந்தாலும் இதழ் தலைமுறை தாண்டி உயிரோட இருந்துச்சு. 1926-ல் இருந்து ஜி. அப்பாத்துரையார் ஆசிரியரா இருந்து, தங்கவயல்ல இருந்தே வெளிவந்துச்சு. சம்பளம் கையில வர்ற இடம், ஊர்க் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த இடம். சந்தாவும் நன்கொடையும் அங்கிருந்து வந்ததுல ஆச்சரியம் இல்ல. எங்க பட்டியலும் அதே வரைபடம்தான். செஞ்சிப் பக்கத்துல இருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் போனவங்கதான் முதல்ல பணம் அனுப்பறாங்க, ஊர்ல இருக்கிற தம்பி தங்கச்சிக்கும் சேர்த்து. 1997-ல் தொடங்கின 'தலித் முரசு', இப்போ வர்ற 'நீலம்' இதழ்களை வாங்கறவங்ககிட்டப் பேசினாலும் இதே மாதிரிக் கதைதான் கேட்கிறேன்.

இதையெல்லாம் அக்காகிட்டச் சொன்னேன். அயோத்திதாசர் பேரை மாத்தினாரே தவிர மறைக்கலைன்னு பதில் வந்துச்சு. சரிதான். ஆனா இதழோட பேரை இதழ் அறிவிக்கிறது வேற, வாசகரோட சாதியை ஹவுஸ் ஓனருக்கு இதழ் அறிவிக்கிறது வேற. இவ்வளவுக்கும் வாங்கறவங்க எல்லாரும் ஒரே சாதியும் இல்ல. வீடு போனா தெருவுல நிக்கப்போறது நாம இல்லக்கான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "கவர் செலவு யார் தலையில?"ன்னாங்க. அப்பவே பாதி ஒத்துக்கிட்டாங்கன்னு புரிஞ்சுது.

செலவைக் கேட்டவர் தலையில கட்டக் கூடாதுன்னு நான் பிடிவாதமா நின்னேன். பயத்துக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் போடற மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் கவர் போட்டா தபால் செலவுலயே இதழ் நின்னுடும். அதனால சந்தா படிவத்துல ஒரு கட்டம் சேர்த்தோம்: 'மூடிய கவரில் அனுப்பவும்'. காரணம் கேட்க மாட்டோம், விலையும் ஒண்ணுதான். கூடுதல் செலவுக்கு, ஸ்டால்ல விக்கற அம்பேத்கர் போஸ்டர், காலண்டர்ல வர்ற லாபத்தை ஒதுக்கியிருக்கோம். அந்தக் காசு வருஷம் முழுக்கத் தாங்குமான்னு மார்ச்சுலதான் தெரியும்.

கவர்ல அனுப்புநர் இடத்துல என்ன எழுதறதுன்னு அடுத்த பிரச்சனை. அக்கா தன் பேரை எழுதச் சொல்லிட்டாங்க.