பாறையில் பதிந்த தேள் தடம்: கிராண்ட் கேன்யனில் அன்று இருந்தது தண்ணீரா, பாலைவனமா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் படம் ஒன்றை மொபைலில் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, வெளிறிய பட்டை ஒன்று சுவர் மாதிரி நிற்கும். அதுதான் கோகோனினோ மணற்பாறை. வயது சுமார் 27.5 கோடி ஆண்டுகள். டைனோசர்களுக்கே அது ரொம்பப் பழசு!

அந்த மணலைக் கொண்டுவந்து குவித்தது காற்றா, தண்ணீரா? சாட்சி சொல்ல எலும்புகள் இல்லை. மணலும் காலடித் தடங்களும்தான் மிச்சம்.

முதலில் மணல். உருண்டையான, மங்கிய கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் துகள்கள். காற்றில் பறந்து ஒன்றோடொன்று மோதினால் இப்படி ஆகும். ஆனால் ரசாயன மாற்றத்தாலும் மங்கலாம் என்பதால், இதை மட்டும் நம்ப முடியாது. பாறைக்குள் பெரிய பெரிய சாய்வு அடுக்குகளும் இருக்கின்றன. மணல்மேட்டின் மறுபக்கம் மணல் சரிந்து சரிந்து உருவான அடுக்குகள் இவை. சிக்கல் என்னவென்றால், தண்ணீருக்கு அடியிலும் மணல்மேடுகள் உருவாகும்.

அடுத்து, தடங்கள். பெரும்பாலானவை மேடு ஏறும் திசையிலேயே இருக்கின்றன. அப்படியானால் இறங்கவே இல்லையா? எட்வின் மெக்கீ என்ற புவியியலாளர் பல்லியினங்களை மணல் சரிவில் நடக்கவிட்டுப் பார்த்தார். இறங்கும்போது மணல் சரிந்து தடம் கலைந்துவிடுகிறது. ஏறும்போது பதிந்தது தங்குகிறது.

1979-ல் லெனார்ட் பிராண்ட் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். சாலமாண்டர்களைத் தண்ணீருக்கு அடியில் நடக்கவிட்டு, விரல் நுனி வரை தெளிவாக விழும் அந்தத் தடங்கள்தான் பாறையில் இருப்பவற்றுக்கு நெருக்கம் என்றார். சோதனை நியாயமானதுதான். காய்ந்த மணலில் அவ்வளவு தெளிவு வருவது கஷ்டம். ஆனால் பனியோ தூறலோ நனைத்த மணலிலும் விரல் பதியுமே?

தவிர, அந்தப் பாறையில் நடந்தவை நாலுகால் பிராணிகள் மட்டுமல்ல. தேள், சிலந்தி போன்றவற்றின் தடங்களும் இருக்கின்றன. இன்றைய தேள்களையும் சிலந்திகளையும் மணலில் நடக்கவிட்டு ஒப்பிட்டார்கள், ஒத்துப்போயின. தண்ணீருக்கு அடியில் சிலந்தி எப்படி மேடு ஏறும்?

காற்று வரைந்த அலைவரிகளும் கிடைத்திருக்கின்றன. உயரம் குறைவு, இடைவெளி அதிகம். தண்ணீரில் உருவாகும் வரிகள் பொதுவாக இவ்வளவு தட்டையாக இருக்காது. அதனால்தான் பெரும்பாலான புவியியலாளர்கள் பாலைவனம் என்றே சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில பலகைப் பாறைகளில் சின்னச் சின்னக் குழிகள். மழைத்துளி விழுந்த இடம்! மணல் அன்று திறந்த வானத்தின் கீழ்தான் கிடந்திருக்கிறது.