ஏரிக்கரையின் வெளிச்சரிவைக் கவனியுங்கள்

தண்ணீர் மேலே வழிந்தால்தான் மண் கரை உடையும் என்று விவசாயிகள் பலர் எண்ணுகிறார்கள். உள்ளுக்குள் அரித்தும் கரை போகும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையைப் பற்றி இங்கே சொல்லலாம்.

இது பெரிய அணை அல்ல. உயரம் 38 அடி, நீளம் 400 அடி. 1899-ல் மின்சாரம் எடுப்பதற்காகக் கல்லும் மரக்கட்டையும் கொண்டு கட்டினார்கள். பிற்பாடு அதன் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையாக்கி, மேலும் உயர்த்தினார்கள். டொக்கோவா ஃபால்ஸ் என்ற இடத்திலுள்ள ஒரு வேதாகமக் கல்லூரிக்குச் சொந்தமானது. 1957-ல் மின் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு சுமார் 40 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. வேலை செய்யும் அணை என்றால் தினமும் யாராவது அந்தப் பக்கம் போவார்கள். வேடிக்கைக்கு வைத்திருக்கும் ஏரியில் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், கரையின் முதுகைப் பார்க்க மாட்டார்கள்.

அந்த முதுகில் மரங்கள் வளர்ந்திருந்தன. வெளிச்சரிவு சில இடங்களில் 1 அடி உயரத்துக்கு 1 அடி அகலம் என்ற அளவில் செங்குத்தாக இருந்தது. அதில் ஓரிடத்தில் மண் சரிந்திருந்ததை 1973-ல் எடுத்த படம் காட்டுகிறது. 1977 நவம்பர் 2 முதல் 5 வரை சுமார் 7 அங்குல மழை. 6-ந் தேதி அதிகாலை 1.30 மணிக்குக் கரை உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக் கொண்டிருந்தவர்களில் 39 பேர் மாண்டனர்.

ஒரே காரணம் என்று ஆய்வாளர்கள் எதையும் சுட்டவில்லை. ஊறிய வெளிச்சரிவு சரிந்து, உள்ளே அரிப்பும் சேர்ந்து கரை மெலிந்து போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தனியார் அணைகளைச் சோதிக்க அன்றைய ஜனாதிபதி கார்ட்டர் உத்தரவிட்டது இதற்குப் பிறகுதான். சோதனைக்கான சட்டமோ 1972-லேயே வந்துவிட்டது!

நம் பக்கமும் கிணற்றுப் பாசனத்துக்கு மாறிவிட்ட ஊர்களில் ஏரி மதகை எட்டிப் பார்ப்பார் இல்லை. பண்ணைக் குட்டை வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். வெளிச்சரிவு 1 அடி உயரத்துக்கு 2 அடி அகலமாவது இருக்கட்டும். கரையில் முளைக்கும் வேல மரக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள், அருகம்புல் இருக்கலாம். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடக் கூடாது. வேர் மக்கினால் அது தண்ணீருக்கு வழியாகும். கோடையில் தோண்டி எடுத்து, குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு கட்டையால் இடிக்க வேண்டும். எலி வளை, நண்டு வளைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

கரையின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் அளவு கூடுகிறதா என்று நாள்தோறும் பாருங்கள். கலங்கலாக வந்தால் கரை மண் கரைந்து வருகிறது என்று பொருள். அந்த வாயைக் களிமண் வைத்து அடைக்காதீர்கள். தண்ணீர் வேறிடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெருங்கல் என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கும். அதற்குள் மதகைத் திறந்து நீர் மட்டத்தைக் குறையுங்கள். ஊர் ஏரியாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே தெரிவித்து, கரைக்குக் கீழே குடியிருப்போரையும் எழுப்பிவிட வேண்டும்.