முடி திரும்பவும் முளைக்கும், காய்ச்சலுக்குக் காத்திருக்கக் கூடாது
(புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் காலத்தில் வீட்டார் கவனிக்க வேண்டியவை)



இம்முறை கொஞ்சம் கஷ்டமான விடயம் ஒன்றை எழுதுகின்றேன். நமது லயங்களில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்றுதான் சொல்வோம். பேசாமல் இருப்பதால் வருத்தம் குறைவதில்லை. வருத்தத்துக்குச் செய்யும் மருந்தைப் பற்றிய பயம்தான் கூடுகின்றது.

எனக்குத் தெரிந்த கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவருக்கு மார்பில் கட்டி வந்து ஒப்பரேசன் செய்தார்கள். அதன் பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முதல் மருந்து ஏற்றிப் 18ஆம் நாள் தலை வாரும்போது முடி கொத்தாகச் சீப்போடு வந்துவிட்டது. அடுத்த மருந்துக்குக் குறித்த திகதியில் அவர் போகவில்லை. அதற்கடுத்த திகதிக்கும் போகவில்லை. நான் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது, "கழுத்துல தாலி இருக்கையில மொட்டத் தலையோட நாலு பேரு முன்னால எப்படிங்கய்யா நிக்கிறது?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே காலத்தில் எனது சொந்த ராத்தாவும் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கல்முனைப் பக்கத்தவன். ராத்தா இருப்பது மருதமுனையில். இந்த இரண்டு பெண்களிடமும், வைத்தியசாலைத் தாதிமாரிடமும் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகின்றேன்.

ஏன் முடி கொட்டுகின்றது?

புற்றுநோய் என்பது நமது உடம்பின் கலங்களே அளவில்லாமல் வேகமாகப் பெருகுவது. "கீமோ" என்று சொல்லும் மருந்து, வேகமாகப் பெருகும் கலங்களைத் தேடி அழிக்கின்றது. ஆனால் உடம்பில் நல்ல கலங்கள் சிலவும் வேகமாகப் பெருகுபவைதான். முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்பக்கம், இரத்தம் உண்டாகும் எலும்பு மச்சை ஆகியன அவை. களைக்கு அடித்த மருந்து பக்கத்துப் பயிரிலும் படுவது போல இவையும் அடிபடுகின்றன. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், சத்தி வருவதும் இதனால்தான். இதனை வருத்தம் முற்றிவிட்டதற்கு அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. சிவப்பு நிறத்தில் ஏற்றும் மருந்துக்குப் பெரும்பாலும் கொட்டும். முதல் மருந்து ஏற்றி 2 அல்லது 3 வாரத்தில் தொடங்கும். புருவமும் கண்ணிமை முடியும்கூடப் போகலாம். கடைசி மருந்து முடிந்து 1 முதல் 3 மாதத்துக்குள் பெரும்பாலானோருக்கு மீண்டும் முளைக்கத் தொடங்கும். முதலில் வரும் முடி மெல்லியதாக, சுருளாக அல்லது நிறம் மாறியதாக இருக்கலாம். பயப்பட வேண்டாம்.

இன்னொரு விடயம். அந்தச் சிவப்பு மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். இரத்தம் போகிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அது மருந்தின் நிறம். நன்றாகத் தண்ணீர் குடித்தால் போதும். இரண்டு நாளுக்குப் பின்னும் சிவப்பாகவே போனால் மட்டும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

தலையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

முடி கொட்டத் தொடங்கும் முன்பே கட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது. நீண்ட முடி கொத்தாக வரும்போதுதான் மனம் உடைகின்றது. மொட்டை போட விரும்பினால் சவர அலகு வேண்டாம், மெஷினால் வெட்டச் சொல்லுங்கள். இக்காலத்தில் ஒரு சிறு கீறலாலும் கிருமி புகுந்துவிடும்.

முடி கொட்டும்போது தலைத்தோல் நோகும். குழந்தைக்குப் போடும் சவர்க்காரம் போன்ற மென்மையானதைப் பாவியுங்கள். முடிச்சாயம், சூடான எண்ணெய், இறுக்கிக் கட்டும் நாடா எதுவும் வேண்டாம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டவே கூடாது. வெயிலுக்கும் மலைக் குளிருக்கும் தலையை மூடிக்கொள்ளுங்கள். நைலோன் துணி வழுக்கும், வேர்க்கும். பருத்தித் துணியே சுகம். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கு நெய்த பழைய, துவைத்துத் துவைத்து மெதுமையான துணியைத்தான் ராத்தா தலைக்குக் கட்டினார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் முக்காடு போடுபவர்கள். ஆகவே ராத்தாவுக்கு இது பெரிய கவலையாக இராது என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் சொன்னார்: "தம்பி, வெளியில முக்காடு இரிக்கி. ஊட்டுக்குள்ள எங்க போய் ஒளிக்கிற?" அப்போதுதான் எனக்கு விளங்கியது. மச்சான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போதே தலையணையில் கிடக்கும் முடியையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார். ராத்தா கண்விழிக்கும்போது தலையணை சுத்தமாக இருக்கும். கணவன்மாரே, பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. இதுபோல ஒன்று போதும்.

பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அம்மாவுக்கு மருந்தினால முடி கொட்டும், பிறகு முளைக்கும்" என்று சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. கோயிலில் நேர்த்தி வைத்து மொட்டை போட்டவரை நாம் மரியாதையாகப் பார்க்கிறோம். உயிருக்காகப் போராடி முடி இழந்தவரை அபசகுனமாகப் பார்ப்பது என்ன நியாயம்?

வாயும் வயிறும்

சத்திக்குத் தரும் குளிசையைச் சத்தி வந்த பிறகு போடாமல், சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போட வேண்டும். மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டு, ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். கஞ்சி, இடியப்பம், நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, மீன் நல்லது. இஞ்சி போட்ட பிளேன்டீ சிலருக்கு வயிற்றைச் சாந்தப்படுத்தும். பச்சைச் சம்பல், அரைவேக்காட்டு முட்டை, திறந்து வைத்து விற்கும் பண்டங்கள் வேண்டாம். பீலித் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறிய பின்பே குடிக்க வேண்டும். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் குடித்துக்கொண்டே வைத்தியரிடம் போங்கள்.

வாய்ப் புண்ணுக்கு, கொதித்தாறிய நீர் ஒரு கிளாஸில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்புங்கள். மெதுவான பிரஷ் பாவியுங்கள். மிளகாயும் புளியும் குறையுங்கள். வெற்றிலைக் கூட்டை அடியோடு விட்டுவிடுங்கள். புகையிலை இல்லாத வெற்றிலை, பாக்குக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. மலையிலும் சரி, எங்கள் கரையிலும் சரி, வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு குறைவு. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடையே அதிகமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

பக்கத்து வீட்டார் சொல்லும் கஷாயம், பொடி எதையும் டொக்டரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது. லயத்து வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து 1950களின் பிற்பகுதியில் கனடாவில் புற்றுநோய் மருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அது உண்மை. அதற்காக இலையை அவித்துக் குடித்தால் அது நஞ்சு. அளவு தெரிந்து கொடுத்தால்தான் மருந்து.

நோன்பு, விரதம் பிடிப்பவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிறகு பிடிக்க மார்க்கத்தில் இடமுண்டு. விரதத்தையும் சாமி பொறுத்துக்கொள்ளும்.

காய்ச்சல்: இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்

முடி கொட்டுவது எல்லோருக்கும் தெரிகின்றது. தெரியாமல் நடப்பது வேறொன்று. மருந்து எலும்பு மச்சையைத் தாக்குவதால், கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் குறைந்துவிடுகின்றன. மருந்து ஏற்றி ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மிகவும் குறைவாக இருக்கும். அந்நேரம் சாதாரணக் கிருமியும் சில மணித்தியாலத்தில் உயிரை எடுத்துவிடும்.

ராத்தாவுக்கு இரண்டாவது மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் இரவு காய்ச்சல் வந்தது. நான் லீவில் வீட்டில் நின்றேன். "ரெண்டு பனடோல் போடுங்க ராத்தா, விடியப் பார்ப்பம்" என்று சொன்னவன் நான்தான். ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொல்லும் உத்தியோகத்தன். காய்ச்சல் இறங்கியது போல இருந்தது. விடியும்போது அவர் நடுங்கிக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் பதிலில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தத் தூரம் அன்று முடியவே இல்லை. வெள்ளணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன என்றார்கள். ஒன்பது நாள் வார்ட்டில் வைத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றி அவரை மீட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். என்னுடைய பனடோல் காய்ச்சலை மறைத்ததே தவிர, கிருமியைத் தொடவில்லை.

ஆகவே இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்:

• வீட்டில் வெப்பமானி ஒன்று இருக்க வேண்டும். 38 பாகை செல்சியஸ் (100.4 பரனைட்) அல்லது அதற்கு மேல் இருந்தால், இரவோ ஞாயிறோ திருவிழாவோ, உடனே வைத்தியசாலை.
• குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் போக வேண்டும்.
• பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.
• வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து வாகனத்தைக் கேட்கவும் தயங்க வேண்டாம்.
• அங்கு போனதும் முதல் வார்த்தையாக "கீமோ ஏற்றியவர், இன்று இத்தனையாம் நாள்" என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவருகில் தொங்கவிடுங்கள்.
• நாட்காட்டியில் மருந்து ஏற்றிய நாளையும், 7 முதல் 14 வரையான நாட்களையும் வட்டமிடுங்கள். அந்நாட்களில் கூட்டமான இடங்களையும், தடிமன் காய்ச்சல் உள்ளவர்களையும் தவிருங்கள்.

மூக்கு, முரசிலிருந்து இரத்தம் வருதல், மூச்சு முட்டுதல், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சத்தி வருதல் ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் தாதியிடம் அப்போதே சொல்லுங்கள்.

வேலைக்குப் போகலாமா?

அது டொக்டர் சொல்ல வேண்டியது. சில மருந்துக்குக் கை, கால் விறைக்கும். விறைத்த காலோடு வெறுங்காலாக மலையில் ஏறினால் அட்டை கடித்தாலும், முள் குத்தினாலும் தெரியாது. கவ்வாத்துக் கத்தியைத் தொட வேண்டாம். மருந்தடிக்கும் மலைப்பக்கமே போக வேண்டாம். டொக்டரின் கடிதத்தை வாங்கி வந்து தந்தால் லீவு, இலகு வேலை பற்றி துரையிடம் பேசுவது எங்கள் கடமை.

இவ்வருத்தம் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கலாம். மருந்து ஏற்றி இரண்டு நாளைக்கு மட்டும் மலசலகூடத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சத்தி எடுத்த துணியைத் தனியாகத் துவைத்துக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் இச்சிகிச்சை இலவசம். முன்பு பெரும்பாலானோர் மகரகமைக்கே போக வேண்டியிருந்தது. இன்று அபேக்ஷா வைத்தியசாலையைத் தவிர கண்டியிலும், பதுளையிலும், மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு.

அந்த அக்காவுக்கு என்ன நடந்தது?

எனக்குப் பதில் சொல்லத் தெரியாததால் ராத்தாவின் தொலைபேசியில் அவரைப் பேசவைத்தேன். மலையில் ஒருத்தர், கடற்கரையில் ஒருத்தர். ஒருவரையொருவர் கண்டதில்லை. முக்கால் மணித்தியாலம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அடுத்த கிளினிக் நாளில் அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார். "இனி ஒரு திகதியையும் விடக் கூடாது, விட்டால் மருந்தின் பலன் குறையும்" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னாராம். அவர் விடவில்லை. மிச்ச மருந்துகளையும் ஏற்றி முடித்து, இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகின்றார்.

சென்ற மாதம் கண்டபோது தலைத்துணியை விலக்கிக் காட்டினார். சுருட்டை முடி, இரண்டு விரல் அளவு. "முந்தி எனக்கு சுருட்டை இல்லீங்கய்யா" என்று சிரித்தார்.

உங்கள் லயத்தில் யாராவது திகதியை விட்டிருந்தால், வெட்கப்பட்டு வீட்டில் இருந்தால், எங்களுக்குச் சொல்லுங்கள். பெயரை வெளியே சொல்ல மாட்டோம். விட்ட இடத்திலிருந்து தொடங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவோம். வெப்பமானி இல்லாத வீட்டாரும் காரியாலயத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்