தெரியுமா? ரோடு பைக்கை நிறுத்துவது பிரேக் அல்ல!

ரோடு பைக் வாங்கப் போகிற எவரையும் கடை வாசலிலேயே மறித்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா? "டிஸ்க்தான் இப்போது எல்லாமே" என்பார் ஒருவர். "ரிம் போதும், வண்டி லேசாக இருக்கும்" என்பார் இன்னொருவர். விரலகல டயர்கள் இரண்டின் மேல் உட்கார்ந்து, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மலையிறங்கும் மனிதரைப் பிடித்து நிறுத்துகிற இந்தச் சின்னஞ்சிறு கருவிகளுக்குள் எவ்வளவு அறிவியல், எவ்வளவு வரலாறு! அதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் தானாகத் தெளிந்துவிடும். வாருங்கள்!

1. ரிம் பிரேக்கும் ஒரு டிஸ்க் பிரேக்தான்!

ஆச்சரியமாக இருக்கிறதா? சுழலும் வட்டம் ஒன்றை இருபுறமிருந்தும் நெருக்கிப் பிடிப்பதுதான் இரண்டு பிரேக்குக்கும் வேலை. ரோடு பைக்கின் 700சி சக்கரத்தில் டயர் உட்காரும் விளிம்பின் (ரிம்) விட்டம் 622 மி.மீ. டிஸ்க் பிரேக்கின் தகடோ வெறும் 140 அல்லது 160 மி.மீ.! அப்படிப் பார்த்தால் ரிம் பிரேக்தான் பிரம்மாண்டமான தகடு கொண்ட டிஸ்க் பிரேக்!

அச்சிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடிப்பதற்கும் 7 செ.மீ. தள்ளிப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்குமா? சின்னத் தகட்டைப் பிடித்து அதே அளவு நிறுத்த, நான்கு மடங்குக்கும் கூடுதலான உராய்வு விசை வேண்டும். அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? 17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி பாஸ்கல் சொன்ன விதியிலிருந்து! மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். லீவர் பக்கம் சிறிய பிஸ்டன், சக்கரத்தின் பக்கம் பெரிய பிஸ்டன். அதனால்தான் ஒரே விரலின் மெல்லிய அழுத்தம் இரும்புப் பிடியாக மாறிவிடுகிறது!

2. உண்மையில் நிறுத்துவது டயர்!

பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. சாலையைப் பிடிப்பது டயர். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பதோ கட்டைவிரல் அளவு ரப்பர்தான்! உலர்ந்த சாலையில் முன் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். இன்னும் அழுத்தினால் ஓட்டுபவர் ஹேண்டில் பாருக்கு மேல் பறப்பார். நல்ல ரிம் பிரேக்கே அந்த எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிடும்! மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளை உலர்ந்த சாலையில் நிறுத்தத் தேவையான தூரம், மிகத் திறமையாகப் பிடித்தாலும் ஏறக்குறைய 10 மீட்டர். இதில் டிஸ்க்குக்குத் தனிச் சலுகை கிடையாது.

2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். ஜூலை 14. காப் நகரை நோக்கிய இறக்கம், கொளுத்தும் வெயிலில் உருகிக் கிடக்கும் தார். ஸ்பெயின் வீரர் ஹோசெபா பெலோக்கி பிரேக் பிடிக்கிறார். பின் சக்கரம் பூட்டிக்கொள்கிறது, வழுக்குகிறது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுகிறது! தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் முறிந்தன. அன்று பிரேக் தோற்கவில்லை. டயருக்கும் சாலைக்கும் இருந்த பிடிதான் தோற்றது.

3. மழையில் ஒரு நொடி என்பது 11 மீட்டர்!

அப்படியானால் டிஸ்க் எதற்கு? மழைக்கு! நனைந்த ரிம்மின் மேல் தண்ணீர் படலமாக ஒட்டிக்கொண்டு சுற்றும். பிரேக் கட்டைகள் முதலில் அதைத் துடைத்தெடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அந்தத் துடைப்புக்கு ஒரே ஒரு நொடி போனாலும் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும்! உலர்ந்த சாலையில் முழுதாக நின்றே போகிற தூரம் அது!

டிஸ்க் தகடு சக்கரத்தின் நடுவில், சாலைத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் எளிதில் எட்டாத உயரத்தில் சுழல்கிறது. அதிலுள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியேறிவிடும். அதனால் லீவரைத் தொட்டதுமே பிடி கிடைக்கிறது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்பது மழையிலும் வெயிலிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். டயர் வழுக்கும் எல்லையை விரல் நுனியிலேயே உணரலாம். டிஸ்க்கின் உண்மையான பெருமை இதுதான்!

4. ஒரு மலை இறக்கத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்!

ஆளும் வண்டியுமாக 80 கிலோ. 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 785 கிலோ ஜூல்! அறைச் சூட்டில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான ஆற்றல்! ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினாலோ பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும்.

ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்குள் போகிறது. ரிம்மை ஒட்டியே டியூபும் டயரும் இருக்கின்றன! அலுமினிய ரிம் சூட்டைப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்? கார்பன் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பிசின் அதிகச் சூட்டில் இளகிவிடும்! நீண்ட இறக்கங்களில் கார்பன் ரிம்கள் உருக்குலைந்தது இதனால்தான். கார்பன் ரிம்முக்கென்றே தனிப் பிரேக் கட்டைகள் விற்பதும் இதனால்தான். மெல்லிய லேடெக்ஸ் டியூபை கார்பன் ரிம்மில் போடாதீர்கள் என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரித்ததும் இதே சூட்டை நினைத்துத்தான்.

டிஸ்க்கில் சூடெல்லாம் டயருக்கு வெகுதூரத்தில், எஃகுத் தகட்டில் தங்கிவிடுகிறது. தகடு சிறியது, அதனால் சட்டென்று கொதிக்கும். அதற்கும் வழி கண்டார்கள்! உதிரிபாக நிறுவனமான ஷிமானோவின் ஐஸ்-டெக் தகடுகளில் இரண்டு எஃகு அடுக்குகளுக்கு நடுவே அலுமினியம் வைத்திருக்கிறார்கள். எஃகு தேய்மானத்தைத் தாங்கும், அலுமினியம் சூட்டைக் கடத்தும்! மலையிறங்கி நின்றதும் அந்தத் தகட்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

5. பிரேக் எண்ணெய் தண்ணீர் குடிக்கும்!

டிஸ்க் பிரேக்கில் இரண்டு வகைத் திரவங்கள் உண்டு. ஷிமானோவும் கம்பக்னோலோவும் மினரல் ஆயிலைப் பயன்படுத்துகின்றன. ஸ்ராம் நிறுவனத்தின் ரோடு பிரேக்குகளில் டாட் 5.1 திரவம். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்! புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 180 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அதற்கான தர அளவு. திரவம் கொதித்து ஆவியானால் லீவர் சொத்தென்று உள்ளே போய்விடும். அதனால்தான் குறித்த காலத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று: ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும்!

6. பிரேக் மாறினால் போக்ஸ் கம்பியும் மாறும்!

ரிம் பிரேக் வைத்த முன் சக்கரங்கள் சிலவற்றில் போக்ஸ் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் நடுவிலிருந்து நேராக விளிம்புக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க் சக்கரத்தில் அப்படிக் கோக்க முடியாது! பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவில், நிற்க வேண்டியது விளிம்பு. அந்த முறுக்கு விசை முழுவதும் கம்பிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே கம்பிகள் குறுக்காகப் பின்னியே இருக்கும்.

அதோடு முடியவில்லை! தகடு இடப்பக்கம் இருப்பதால் முன் ஃபோர்க்கின் இடது காலைப் பலப்படுத்த வேண்டும். பிரேக் விசை சக்கரத்தை ஃபோர்க்கிலிருந்து பிடுங்கப் பார்க்கும் என்பதால், ஃபோர்க்கின் இரு பக்கத் துளைகளுக்குள்ளும் நுழைத்து முறுக்கும் 12 மி.மீ. அச்சு வந்தது. இத்தனையும் சேர்ந்து டிஸ்க் வண்டியின் எடையைச் சில நூறு கிராம் கூட்டிவிடுகின்றன. ஆக, பிரேக்கைத் தேர்ந்தெடுப்பது என்பது பிரேமையும் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது! ரிம் பிரேக்குக்காகச் செய்த பிரேமில் பிறகு டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்காதீர்கள். அதை மாட்டும் இடமே அந்தப் பிரேமில் இருக்காது.

7. கார் 1953இல் ஜெயித்தது, சைக்கிள் 2017வரை காத்திருந்தது!

இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் கார்களுக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1902! டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் 24 மணி நேர லெ மான் பந்தயத்தை வென்றது 1953இல். சாலை சைக்கிள் பந்தயமோ அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ரிம்மையே நம்பியிருந்தது. உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்க அனுமதித்தது 2015இல்தான்.

பிறகு வந்தது பெரும் புயல்! 2016 ஏப்ரல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் வீரர் ஃபிரான் வெந்தோசோவின் கால் ஆழமாகக் கிழிந்தது. டிஸ்க் தகடுதான் வெட்டியது என்று அவர் பகிரங்கக் கடிதமே எழுதினார். சோதனை நிறுத்தப்பட்டது. 2017இல் மறுபடி தொடங்கியபோது தகட்டின் ஓரங்கள் மழுக்கப்பட்டிருந்தன. அந்த ஜனவரியில் டாம் போனன் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் பந்தயத்தில் டிஸ்க்குடன் ஒரு கட்டத்தை வென்றார். ஜூலையில் மார்செல் கிட்டல் லியேஜ் நகரில் வென்றது, டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குக் கிடைத்த முதல் டூர் டி பிரான்ஸ் கட்ட வெற்றி! 2018 ஜூலையில் முழு அனுமதி கிடைத்தது.

ஆனாலும் ரிம் அசரவில்லை! 2019 டூரை ஏகன் பெர்னால் வென்றது ரிம் பிரேக்கில். 2020இல் தாதே போகாச்சர் பிளான்ஷ் டே பெல் ஃபீ மலை மீது ஏறி முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையைப் பறித்ததும் ரிம் பிரேக் வண்டியில்தான்! மலையேற்றத்தில் ஒவ்வொரு கிராமும் கனக்கும். யூசிஐயின் குறைந்தபட்ச எடையான 6.8 கிலோவைத் தொடுவது ரிம் வண்டிக்கு எளிது. 2021இல் போகாச்சர் டிஸ்க்குடன் டூரை வென்றார். அத்தோடு வாதம் ஓய்ந்ததா? அதே ஆண்டில்தான் நான்கு முறை டூர் வென்ற கிறிஸ் ஃபுரூம், தகடு உரசுகிறது, சூடேறுகிறது, பிஸ்டன்கள் சரியாக வேலை செய்வதில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னார்!

8. தேய்வது எது தெரியுமா?

ரிம் பிரேக்கில் கட்டை மட்டும் தேய்வதில்லை, சக்கரமே தேய்கிறது! பல ரிம்களின் பக்கவாட்டில் சின்னக் குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம் மெலிந்துவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பிரேக் கட்டைகளில் சிக்கும் அலுமினியத் துணுக்குகளை அவ்வப்போது ஊசியால் குத்தி எடுத்தால் ரிம்முக்கு ஆயுள் கூடும்.

டிஸ்க்கில் சக்கரம் தேய்வதே இல்லை. 1.8 மி.மீ. தடிமனில் வரும் ஷிமானோ தகட்டை 1.5 மி.மீ. ஆனதும் மாற்றினால் போதும். தகட்டைப் பிடிக்கும் பேடு தேயத் தேய எண்ணெய் பிரேக் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும்! ஆனால் செயின் எண்ணெய் ஒரு சொட்டு பேடில் பட்டாலும் பிடி போய்விடும், கீச்சென்று கத்தும். சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தினால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்!

சரி, எதை வாங்குவது?

புது வண்டி வாங்குகிறீர்கள், மழைக்காலத்திலும் ஓட்டுவீர்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளோ உங்கள் கனவில் இருக்கின்றன: தயங்காமல் டிஸ்க். கார்பன் சக்கரம் ஆசையா? டிஸ்க். மோசமான சாலைகளுக்கு 32 மி.மீ. டயர் வேண்டுமா? அதற்கும் டிஸ்க்தான், பெரும்பாலான ரிம் பிரேக்குகளுக்குள் 28 மி.மீ.க்கு மேல் நுழையாது. உதிரிபாகங்களின் காற்றும் அந்தப் பக்கமே வீசுகிறது: 2022இல் வந்த ஷிமானோ 105 டிஐ2 உதிரிபாகத் தொகுதி டிஸ்க்குக்கு மட்டுமே வெளியானது!

சமவெளியில், உலர்ந்த சாலையில், அலுமினிய ரிம்மில் ஓட்டுகிறீர்களா? நல்ல பழைய ரிம் பிரேக் வண்டி கையில் இருக்கிறதா? அதை விற்க எந்த அவசியமும் இல்லை! கேபிள் அறுந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். எண்ணெய் பிரேக்கில் காற்று புகுந்தால் அதை வெளியேற்றத் தெரிந்த கைகள் வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பணம் கட்டும் முன் விசாரித்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் தரமான டயரும் நல்ல பிரேக் கட்டையும் வாங்குங்கள்.

டிஸ்க் வாங்கினால் முதல் நாளே மலைக்குப் போகாதீர்கள். புதுப் பேடுகள் தகட்டோடு பழக வேண்டும்! ஆளில்லாத சாலையில் வேகமெடுத்து, பிரேக் பிடித்து, ஏறக்குறைய நிற்கும் வரை வேகத்தைக் குறையுங்கள். இப்படி இருபது முறையாவது செய்யுங்கள். ரிம் வாங்கினாலும் அதே சாலையில் அதே பயிற்சி உங்களுக்கு வேண்டும்: உடலைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்கிப் பழகுங்கள். வண்டி எங்கே நிற்கும் என்று உங்கள் விரல்களுக்கே தெரிந்துவிட்ட பிறகு எந்த மலைக்கும் போகலாம்!